சிவப்பு மூன்று நிமிடம்

இரண்டு காதிலும் மெஷின் மாட்டிக்கொண்டு திரிகிற என்னைத்தான் இன்றைக்கும் காய்கறிக் கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் நிறுத்திக் கேட்கிறார்கள்: "அண்ணாச்சி, வீட்டுக்கு நல்லதா ஒரு செட்டு வாங்கணும். எதை வாங்க?" காதைப் பார்த்த பிறகும் கேட்கிறார்களே என்று சிரிப்பு வரும். தூத்துக்குடியில் ஒரே கடையில், இருபத்தொரு வயதிலிருந்து அறுபது வரைக்கும், ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் விற்றவன் நான். கடை முதலாளியின் மகள் ஜெனிட்டாதான் இப்போது கடையைப் பார்க்கிறாள். போன மாதம் அவள், "மணியண்ணே, புதுசா சேந்தவங்க எல்லாம் போன்ல வீடியோவைப் பாத்துட்டு ஸ்பீக்கர் எப்படிக் கேக்கும்னு கஸ்டமருக்குச் சொல்லுதாங்க. வாங்குறதுக்கு முன்னாடி கேட்டுப் பாக்கிறதுன்னா என்னன்னு நீங்க எழுதிக் குடுங்களேன்" என்றாள். எழுதுகிறேன். ஆனால் எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதினால் அது பாதி உண்மையாகத்தான் இருக்கும். எனக்குக் கேட்காமல் போனதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் ஊர் விளாத்திகுளம் பக்கம். ஐ.டி.ஐ.யில் ரேடியோ, டி.வி. படிப்பு. முடித்ததும் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் கம்பிரசர் ஓட்டினேன். இரண்டு வருஷம், நாளுக்குப் பத்து மணி நேரம், காதில் பஞ்சுகூட இல்லாமல். அதற்கான கூலியை ஐஸ் கம்பெனி அன்றே கொடுத்துவிட்டது. அதற்கான தண்டனை பிறகுதான் வந்தது. அங்கிருந்து அருளப்பன் சார் கடைக்கு வந்தேன்.

அருளப்பன் சார் கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவர். தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கடலெல்லாம் சுற்றியவர். ரேடியோ ஆபீசரே இனித் தேவைப்படாது என்ற பேச்சு எழத் தொடங்கியபோது கரைக்கு வந்து, பீச் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை போட்டார். முழுக்கை வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத பேண்ட். குரலை உயர்த்தி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். அவர் சொல்வது கேட்கவில்லை என்றால் நாம் ஏதோ தப்புச் செய்திருக்கிறோம் என்று அர்த்தம்.

கப்பலிலிருந்து அவர் கொண்டுவந்த சொத்து ஒரு சுவர்க் கடிகாரம். பித்தளை வளையம் போட்டது. முகப்பில் மூன்றிலிருந்து கொஞ்ச தூரமும், ஒன்பதிலிருந்து கொஞ்ச தூரமும் சிவப்புப் பட்டை தீட்டியிருக்கும். நிமிட முள் அந்தச் சிவப்பில் இருக்கிற மூன்று நிமிடம், கடலில் போகிற எந்தக் கப்பலும் செய்தி அனுப்பக் கூடாதாம். எல்லா ரேடியோ ஆபீசரும் பேசாமல் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கேயாவது மூழ்குகிற கப்பல் மெலிசாகக் கூப்பிட்டால் அப்போதாவது யார் காதிலாவது விழும் என்பதற்காக ஏற்படுத்திய வழக்கம்.

அந்தக் கடிகாரத்தைக் கடையின் கேட்கும் அறையில் மாட்டியிருந்தார். செட்டு வாங்க வருகிறவர்களை மணி எத்தனையானாலும் கால் மணிக்கோ முக்கால் மணிக்கோதான் உள்ளே கூப்பிடுவார். ஏ.சி.யை அணைப்போம். ஃபேனை அணைப்போம். முள் சிவப்பில் நுழைந்ததும் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு மூன்று நிமிடம் உட்கார வேண்டும். பஸ்ஸில் வந்தவன் காதில் பஸ் இரைச்சல் இருக்கும், சண்டை போட்டுவிட்டு வந்தவன் காதில் சண்டை இருக்கும். அதெல்லாம் வடிய வேண்டும் என்பார். பாதிப்பேருக்கு அந்த மூன்று நிமிடம் முள்மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும். சில பேர் எழுந்து போயும் இருக்கிறார்கள். சார் ஒருவரையும் தடுத்ததில்லை.

அப்புறம்தான் பாட்டு. அதற்கு முன்னால் என் வேலை ஒன்று உண்டு. உப்புக் காற்று அடிக்கிற ஊர் இது. ஒரு வாரம் விட்டால் ஒயர் முனையில் பச்சையாகக் களிம்பு ஏறிவிடும். ஒவ்வொரு தடவையும் முனைகளைத் துடைக்க வேண்டும். துடைத்துவிட்டு, அருவி கொட்டுகிற மாதிரி ஓர் இரைச்சலை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மீட்டரை வைத்து, ஒப்பிடப் போகிற ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவர வேண்டும். இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், திருட்டுத்தனம் எல்லாம் இங்கேதான் நடக்கும். இரண்டு செட்டில் ஒன்றின் சத்தம் ஓர் இம்மி கூட இருந்தால், கேட்கிறவருக்கு "சத்தம் கூட" என்று தோன்றாது. "இது நல்லா இருக்கு" என்றுதான் தோன்றும். விலை கூடிய செட்டின் குமிழை நகத்தளவு திருப்பி வைத்தால் போதும், வியாபாரம் முடிந்தது.

சேர்ந்த புதிதில் நானே ஒரு தடவை அப்படித் திருப்பினேன். ஜவுளிக்கடை அண்ணாச்சி ஒருவர் பெரிய செட்டைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார். சார் அதைக் கவனித்துவிட்டார். மறுநாள் காலையில் சின்ன செட்டையும் மீட்டரையும் ஆட்டோவில் ஏற்றச் சொல்லி, என்னையும் ஏற்றிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். "நேத்து எங்க பக்கம் ஒரு தப்பு நடந்துட்டு. இன்னொரு தடவ கேளுங்க" என்று இரண்டையும் ஒரே சத்தத்தில் வைத்துக் கேட்கவைத்தார். அண்ணாச்சி சின்னதே போதும் என்றார். திரும்பி வரும்போது சார் மீட்டரை என் மடியில் வைத்தார்; வாய்விட்டுத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

கடைசியாகத் திரை. கறுப்புத் துணி; ஒலி நுழையும், கண் நுழையாது. எந்தப் பெட்டி பாடுகிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியக் கூடாது. நம் ஆட்கள் பெட்டியைத் தூக்கிப் பார்ப்பார்கள், கனமாக இருந்தால் நல்லது என்பார்கள். தேங்காயைத் தட்டுவது போல ஸ்பீக்கர் கட்டையைத் தட்டிப் பார்ப்பார்கள். உப்பளக்காரர் ஒருவர் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, "ஆ, இதுதான்! இதுதான் எனக்கு வேணும்" என்று துள்ளிவிட்டு, திரையை விலக்கியதும் அது கடையிலேயே சின்னப் பெட்டி என்று கண்டு முகம் சுண்டிப்போய், "இன்னொரு தடவ போடுங்க, சரியாக் கேக்கல" என்றார். ஐந்து தடவை போட்டோம். ஐந்து தடவையும் அந்தச் சின்னப் பெட்டியையே பிடித்துக்கொண்டு, கடைசியில் பெரியதை வாங்கிக்கொண்டு போனார். "வூட்டுக்கு வாரவன் கண்ணால தான வே பாப்பான்" என்றார். அதுவும் நியாயம்தான், என்ன செய்ய.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில் எனக்குக் கடையில் ஒரு பேர் வந்துவிட்டது. மணி காது வைத்துச் சொன்னால் சரியாக இருக்கும் என்பார்கள். நாகர்கோவிலிலிருந்துகூட ஆள் வந்தது. அந்தப் பேருக்குள் நான் சுகமாக உட்கார்ந்துகொண்டேன்.

நாற்பத்தேழு வயதில் அது ஆட்டம் கண்டது. கம்பெனிக்காரர்கள் ஒரு டெஸ்ட் டிஸ்க் அனுப்பியிருந்தார்கள். அடித்தொண்டைச் சத்தத்தில் தொடங்கி, படிப்படியாக ஏறி, ஊசி முனை போல மெலிந்துபோகிற சத்தம் வரை அதில் வரிசையாக வரும். மதியம் கடையில் யாரும் இல்லாதபோது போட்டுக் கேட்டேன். பாதிக்கு மேல் போனதும் சத்தம் நின்றுவிட்டது. டிஸ்க் கெட்டுப்போச்சு என்று நினைத்தேன். மீட்டரைப் பார்த்தால் முள் ஆடிக்கொண்டிருக்கிறது. ஸ்பீக்கர் கத்திக்கொண்டிருக்கிறது, எனக்கு ஒன்றுமே இல்லை. வலது காதைத் திருப்பினேன், இடது காதைத் திருப்பினேன்.

யாரிடமும் சொல்லவில்லை. டிஸ்க்கை உறைக்குள் போட்டு அலமாரியின் அடித்தட்டில் தள்ளினேன். வீட்டில் என் மனைவி, "வாட்ச்சு அலாரம் அடிச்சுக்கிட்டே கெடக்கு, அமத்த மாட்டியளா?" என்று கேட்கும்போதெல்லாம் கேட்ட மாதிரியே எழுந்து போய் அமத்துவேன். கடையில் யாராவது "மேல் சுதி எப்படி அண்ணாச்சி?" என்றால், பழைய ஞாபகத்தை வைத்து ஒரு பதில் சொல்வேன். காதை வைத்துப் பிழைப்பவன் காது போய்விட்டது என்று சொன்னால் நாளைக்குக் கடையில் எனக்கு என்ன வேலை? இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். நாலு வருஷம் அப்படியே ஓட்டினேன். அந்த நாலு வருஷமும் எனக்கு நல்ல தூக்கமில்லை என்பது சத்தியம்.

அப்போதுதான் மெர்லின் வந்தாள். பெரியதாழைக்காரி, முப்பது வயது இருக்கும். கணவன் கப்பலில் ஃபிட்டர், வருஷத்தில் ஒன்பது மாதம் கடலில். கோயில் பாட்டுக்குழுவை அவள்தான் நடத்தினாள். நாலு குரலையும் தனித்தனியாகப் பிரித்துக் கேட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க நல்ல செட்டு வேண்டும் என்று மாமியாரோடு வந்தாள். சிவப்பு மூன்று நிமிடத்தைச் சிரமப்படாமல் உட்கார்ந்து கழித்தவர்கள் என் அனுபவத்தில் பத்துப் பேர் இருந்தால் அதிகம். அவள் கண்ணை மூடி உட்கார்ந்தாள். முடிந்ததும், "இன்னும் ரெண்டு நிமிசம் இருந்திருக்கலாம் சார்" என்றாள். அருளப்பன் சார் அன்றைக்குச் சிரித்ததை நான் பார்த்தேன்.

மூன்று செட்டுக் கேட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். நாங்கள் வழக்கம்போலக் குடோனிலிருந்து உறை பிரிக்காத புதுப் பெட்டியைக் கொடுத்தனுப்பினோம். கேட்டுப் பார்த்து வாங்குவதில் எந்தக் கடைக்காரரும் சொல்லாத ஓட்டை இதுதான். நீங்கள் கேட்டது ஒரு பெட்டி, வீட்டுக்குக் கொண்டுபோவது வேறு பெட்டி.

பத்து நாளில் போன் வந்தது. "அண்ணாச்சி, பாட்டு போடாம சும்மா வச்சிருக்கும்போதே கீச்சுனு ஒரு சத்தம் வருது. ஊசி வச்சுக் குத்துத மாதிரி இருக்கு. வீட்ல யாருக்கும் கேக்கலங்கிறாவ. நீங்க ஒருக்கா வந்து பாத்துச் சொன்னியன்னா போதும்."

போனேன். கடற்கரைக்கு இரண்டாவது தெரு. வாசலில் மாமியார் பிலோமினம்மாள், அறுபதைத் தாண்டிய, நல்ல உயரமான மனுஷி, என்னைக் கைபிடிக்காத குறையாக உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். "நீராவது நல்ல வார்த்த சொல்லும் அய்யா. ராத்திரி பகலா இவளுக்கு அந்தச் சத்தம் கேக்காம். பிளக்கை உருவுனா நின்னுட்டுங்கா, சொருகுனா வந்துட்டுங்கா. எனக்கும் கேக்கல, பக்கத்து வூட்டு மனோன்மணிக்கும் கேக்கல. புருசன் பக்கத்துல இல்லாத பிள்ள, என்னமும் ஆயிறக் கூடாதேன்னு எனக்குக் கெதக்கு கெதக்குங்கு."

மெர்லின் ஆம்ப்ளிஃபயருக்கு மின்சாரம் கொடுத்தாள். "உங்க கடைல மாதிரியே மூணு நிமிசம் பேசாம இருங்க அண்ணாச்சி" என்றாள். இருந்தோம். தூரத்தில் அலை கேட்டது. யாரோ மீன் வண்டி ஓட்டிக்கொண்டு போனார்கள். பெட்டியிடமிருந்து எனக்கு ஒன்றும் வரவில்லை. குனிந்து காதை அதன் மேல் மூடியிலேயே வைத்தேன். ஒன்றுமில்லை. நிமிர்ந்து பார்த்தால் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கண்ணில் அவ்வளவு நம்பிக்கை. எனக்குக் கேட்காத உயரத்தில் ஒரு சத்தம் இருக்கலாம் என்று எனக்குத் தெரியும். உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன்.

"ஒண்ணும் இல்லியேம்மா. செட்டு நல்லாத்தான் இருக்கு."

அவள் குனிந்து பிளக்கை உருவினாள். பிலோமினம்மாள் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டு எனக்குக் காப்பி போட உள்ளே போனாள். காப்பியைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் வெறுப்பு வரும்.

ஒரு வாரம் கழித்து மறுபடி போன். மெர்லின்தான். குரல் அடங்கிப்போயிருந்தது.

"அண்ணாச்சி, யாராவது இங்கன வந்தா செட்ட எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. எனக்கு வேண்டாம்."

"ஏம்மா? சத்தம் இன்னும் வருதா?"

"வருது. ஆனா அது செட்டுல இல்ல, எனக்குத்தான் கோளாறு. நீங்களே வந்து கேட்டுச் சொல்லிட்டிய. கப்பல்ல இருந்து அவரும் போன்ல, டாக்டரப் பாருங்காரு. வாற திங்கக்கிழம திருநெல்வேலிக்கு அத்த கூட்டிட்டுப் போறா. பாட்டுக்குழுவுக்கும் வரலன்னு சொல்லிட்டேன். இல்லாத சத்தம் கேக்கிறவ பிள்ளைகளுக்கு என்னத்தச் சுதி சொல்லிக்குடுக்க?"

போனை வைத்தேன். என் பிழைப்பைக் காப்பாற்றிக்கொள்ள, நல்ல காது உள்ள ஒரு பெண்ணிடம் அவள் காதைப் பிடுங்கி வாங்கிவிட்டேன். அதுவும் அவள் என்னை நம்பியதால்தான் என்னால் அதைச் செய்ய முடிந்தது. குமிழை நகத்தளவு திருப்பியதெல்லாம் இதன் முன்னால் ஒரு தப்பே இல்லை.

அருளப்பன் சாருக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. கேட்கும் அறையில் ஏதோ கேட்லாக் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

"சார், எனக்கு மேல் சத்தம் கேக்காது. நாலு வருஷமாக் கேக்காது. மறைச்சிட்டேன். அந்தப் பெரியதாழைப் பிள்ள சொன்னது உண்மையா இருக்கும். நான் போய் இல்லன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

டெஸ்ட் டிஸ்க்கை எடுத்து அவர்முன் வைத்தேன். வேலை போனாலும் பரவாயில்லை என்று அந்த நிமிடத்தில் உண்மையாகவே நினைத்தேன். அவர் டிஸ்க்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். முள் சிவப்பில் இல்லை. ஆனாலும் மூன்று நிமிடத்துக்கு மேலேயே பேசாமல் இருந்தார். பிறகு மிக மெதுவாக, நான் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது, சொன்னார்:

"திங்கக்கிழமைக்கு முன்னாடி அந்தப் பிள்ளய வரச் சொல்லுலே. செட்டோட. மாமியாரையும் கூட்டிட்டு வரச் சொல்லு, அது முக்கியம்."

சனிக்கிழமை பதினொரு மணிக்கு வந்தார்கள். கடையில் அன்றைக்கு நாங்கள் மூன்று பேர்: சார், நான், என்னைவிடப் பெரியவரான சர்வீஸ் மெக்கானிக் சண்முகவேல். மூவருக்கும் சேர்த்து வயது நூற்றெண்பதுக்கு மேல். அந்த வயதுக் காதை நம்பி இறங்க முடியாது. சாரும் எங்களைக் கேட்கச் சொல்லவில்லை.

மெர்லினை நாற்காலியில் உட்காரவைத்துத் திரையைப் போட்டார். ஆம்ப்ளிஃபயர் திரைக்கு இந்தப் பக்கம், எங்களோடு. சுவிட்ச் தட்டுகிற சத்தத்தை வைத்து அவள் ஊகித்துவிட்டாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே, அதற்காக போர்டில் இரண்டு சுவிட்ச். ஒன்றில் ஆம்ப்ளிஃபயர் இருந்தது, மற்றதில் ஒன்றுமே இல்லை. பிறகு பிலோமினம்மாளைத் தன் பக்கத்தில் நிறுத்திக் காதோடு சொன்னார்: "அம்மா, நீங்க ஒரு விரல் காட்டினா நான் பெட்டியப் போடுதேன். ரெண்டு விரல் காட்டினா சும்மா சுவிட்ச்ச மட்டும் தட்டுதேன். என்ன காட்டணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க. எங்க கையில ஒண்ணும் இல்ல."

ஏ.சி. நின்றது. ஃபேன் நின்றது. சிவப்பு மூன்று நிமிடம் கழிந்தது. பிலோமினம்மாள் ஒரு விரல் காட்டினாள்.

"வருது" என்றாள் மெர்லின் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

இரண்டு விரல்.

"இல்ல."

இரண்டு விரல். "இல்ல." ஒரு விரல். "வருது." ஒரு விரல். "வருது, இன்னும் இருக்கு." பிலோமினம்மாளின் முகம் மாறத் தொடங்கியது. மருமகளை மடக்கிவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது போல. வரிசையாக நாலு தடவை இரண்டு விரலையே காட்டினாள். சாரும் நாலு தடவை வெறும் சுவிட்ச்சையே தட்டினார்.

"இல்ல... இல்ல... இல்ல..." கொஞ்சம் நிறுத்தி, "சார், நீங்க போடவே இல்லியே?"

பிலோமினம்மாளின் கை அப்படியே நின்றது. பிறகு ஒரு விரல் மேலே போனது. "வருது" என்றாள் மெர்லின் உடனே.

சண்முகவேல் மூடியைக் கழற்றி, பவர் சப்ளைப் பக்கம் இருந்த காயில்களை, எதன் கம்பிச் சுற்று தளர்ந்து அதிர்கிறது என்று பார்க்க, ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் குச்சியால் மெல்ல அழுத்திக்கொண்டே வந்தார். மூன்றாவதை அழுத்தியதும் திரைக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "நின்னுட்டு! சார், நின்னுட்டு!" குச்சியை எடுத்தார். "வந்துட்டு." மறுபடி வைத்தார். "நின்னுட்டு."

"ஏளா, போதும். வெளிய வா" என்று பிலோமினம்மாள் திரையைத் தானே இழுத்துத் தள்ளிவிட்டு மருமகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "என் ராசாத்தி, ஒனக்கு ஒண்ணும் இல்லளா. ஒனக்கு ஒண்ணுமே இல்ல. மாதாவே." அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "அப்ப வேய், ஒமக்குத்தான் காது கேக்கலியா?"

எல்லார் முன்னாலும்.

"ஆமாம்மா. எனக்குத்தான் கேக்கல. அது எனக்கு அன்னைக்கே தெரியும். சொல்லப் பயந்துட்டேன். என்னய மன்னிச்சிரும்மா மெர்லின்."

மெர்லின் கோபப்பட்டால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன். அவள், "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னாள். அது திட்டைவிடப் பெரிதாகப் பட்டது. அப்போது அருளப்பன் சார் தொண்டையைக் கனைத்தார்.

"எனக்கும் கேக்காதும்மா. அம்பது வயசுலயே போயிட்டு. இந்த மணி காத நம்பித்தான் இத்தன வருசம் கடை நடத்துனேன்."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் காதும் போனது எனக்குத் தெரியாது. ஒரே அறையில் இரண்டு செவிடர்கள், ஒருவனை ஒருவன் நம்பிக்கொண்டு! முதலில் பிலோமினம்மாள்தான் சிரித்தாள். அப்புறம் எல்லாரும் சிரித்தோம். சண்முகவேல் கையில் குச்சியோடு என்ன சிரிப்பு என்று விசாரித்தார். அவருக்குச் சாரின் மெதுவான பேச்சே கேட்கவில்லை. நாலு வருஷமாக நெஞ்சில் கிடந்த அம்மிக்கல்லை யாரோ இரண்டு கையாலும் தூக்கிப் போட்ட மாதிரி இருந்தது. அன்று மதியம் வீட்டுக்குப் போய்ச் சோறு உண்டுவிட்டு, சாயங்காலம் வரைக்கும் தூங்கினேன்.

அவளுக்கு வேறு பெட்டி கொடுத்தோம். இந்தத் தடவை உறை பிரித்து, அவள் காதால் கேட்டுப் பார்த்த அதே பெட்டியையே கொடுத்தோம். அன்றிலிருந்து கடையில் அதுவே வழக்கமானது. திங்கட்கிழமை திருநெல்வேலிக்குப் போகவேண்டிய அவசியம் இல்லாமல் போனது. அந்த வருஷம் கோயில் திருவிழாவுக்கு அவள் குழுதான் பாடியது. என்னையும் என் மனைவியையும் கூப்பிட்டிருந்தார்கள். பிலோமினம்மாள் இன்றைக்கும் கிறிஸ்மஸ் பலகாரம் கொடுத்தனுப்பும்போது, "காது கேக்காத அண்ணாச்சி வீட்டுக்கு" என்று சொல்லித்தான் அனுப்புகிறாளாம்.

எனக்கு வேலை போகவில்லை. ஆனால் வேலை மாறியது. அதற்கு முன்னால் ஆள் உட்கார்ந்ததும் நான்தான் பேசுவேன்: இது இப்படி இருக்கும், அது அப்படி இருக்கும், கவனியுங்கள் என்று. அதற்குப் பிறகு, "எனக்கு மேல் சத்தம் கேக்காது. உங்களுக்கு என்ன கேக்குதுன்னு சொல்லுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். கூட்டம் குறையும் என்று பயந்தேன். குறையவில்லை. தங்கள் காதை முதல் தடவையாக ஒருவன் மதித்துக் கேட்கிறான் என்று தெரிந்தால் ஜனங்கள் அவ்வளவு நுணுக்கமாகச் சொல்வார்கள். ஒரு மீன் வியாபாரி, ஐஸில் வைத்த மீனுக்கும் அப்போது பிடித்த மீனுக்கும் உள்ள வித்தியாசம் இந்த இரண்டு ஸ்பீக்கருக்கும் இருக்கிறது என்றார். எனக்கு விளங்கிவிட்டது. என் வேலையின் கடைசி ஒன்பது வருஷம்தான் நான் நிம்மதியாகப் பார்த்த வேலை.

அருளப்பன் சார் நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம் போய்ச் சேர்ந்தார். அந்தக் கீச்சிடும் பெட்டியைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப அவர் சம்மதிக்கவே இல்லை. கேட்கும் அறையின் மேல்தட்டில் வைத்தார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

இந்த மெஷின் வாங்கியது போன வருஷம். காது டாக்டரின் கிளினிக்கில் சத்தமில்லாத கண்ணாடி அறையில் மாட்டிவிட்டு, "நல்லாக் கேக்குதா சார்?" என்றார்கள். அந்த அறையில் எது கேட்டாலும் நல்லாத்தான் கேட்கும், எனக்குத் தெரியாதா? மூன்று நாள் வீட்டுக்குக் கொண்டுபோக விடுங்கள், இதே ஜோடியைத்தான் தர வேண்டும், புது உறை பிரிக்கக் கூடாது என்றேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கொடுத்தாள். மீன் மார்க்கெட்டுக்குப் போட்டுக்கொண்டு போனேன், பீச்சுக்குப் போனேன், மனைவி சமைக்கும்போது பக்கத்தில் நின்றேன். மூன்றாம் நாள் கடைக்குப் போனேன்.

பதினொன்றே காலுக்குக் கேட்கும் அறையில் உட்கார்ந்தேன். ஜெனிட்டா ஏ.சி.யை அணைத்தாள். கடிகாரத்தின் டிக் டிக் கேட்டது. அது எனக்குக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று! அவள் கை வளையல் உரசியது கேட்டது. சந்தில் யாரோ சைக்கிளை ஸ்டாண்ட் போட்டது கேட்டது. முள் சிவப்பைத் தாண்டியதும், நான் சொல்லி வைத்தபடி அவள் மேல்தட்டில் இருந்த அந்தப் பழைய பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தாள். கொடுத்த கையோடு முகத்தைச் சுளித்துக்கொண்டு காதைப் பொத்தினாள்.

"ஐயோ, என்ன மணியண்ணே இது, இப்படிக் குத்துது. கேக்குதா?"

காதை அந்தப் பக்கம் திருப்பினேன். மெஷினையும் கொஞ்சம் கூட்டி வைத்துப் பார்த்தேன்.

"எனக்குக் கேக்கலம்மா" என்றேன். நாலு வருஷம் வாயில் வராத சொல் அது. இப்போது ஒரு நொடிகூட ஆகவில்லை.